ஸ்பானிஷ் மொழியில் தோட்டத்திற்கு என்ன பெயர்? கம்ப்யூட்டர் வழியே ஒரு சொல்லைக் கற்போம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் மாதத்தில் பாட்டு கேட்பார்கள், படம் பார்ப்பார்கள், சீட்டுக்கட்டு விளையாட்டை அலுக்கும் வரை ஆடுவார்கள். அதன் பிறகு "இதை வைத்துக் கொண்டு உருப்படியாக வேறு என்ன செய்யலாம்?" என்று கேட்கத் தொடங்குவார்கள். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கத்தில் என்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்காத புதுக் கம்ப்யூட்டர்காரர் குறைவு. நான் சொல்லும் பதில்களில் ஒன்று அவர்களுக்கு விசித்திரமாக இருக்கும். தெரியாத மொழி ஒன்றிலிருந்து ஒரே ஒரு சொல்லை எடுத்துக் கொண்டு, அதைப் படிக்கவும், உச்சரிக்கவும், டைப் செய்யவும், வாக்கியத்தில் வைத்துப் பேசவும் கற்றுக் கொள்ளுங்கள் என்பதே அந்தப் பதில்.

ஒரு சொல் போதுமா என்று கேட்கலாம். போதும். அந்த ஒரு சொல்லைத் துரத்திக் கொண்டு போனால் கீ போர்டை மாற்றுவது, ஒலி கேட்பது, படங்களைத் தேடுவது, மொழிபெயர்ப்புத் தளத்தை எந்த அளவுக்கு நம்பலாம் என்று பார்ப்பது எல்லாம் தானாக வந்துவிடும். இந்த மாதம் நாம் எடுத்துக் கொள்ளும் சொல் ஸ்பானிஷ் மொழியில் தோட்டத்தைக் குறிக்கும் சொல். 20 நாடுகளில் அரசு மொழியாக இருப்பது ஸ்பானிஷ். ஸ்பெயினைத் தவிர மெக்சிகோ, கொலம்பியா, அர்ஜென்டினா, உருகுவே, கியூபா என்று பட்டியல் நீளும். நம் ஊர்ப் பிள்ளைகள் வேலைக்காக இந்த நாடுகளுக்கும் போகத் தொடங்கிவிட்டார்கள். அதனால்தான் இந்தச் சொல் என் தெருவுக்கும் வந்து சேர்ந்தது.

முதலில் சொல்லைப் பார்ப்போம்

சொல் இதுதான்: ஹர்தீன். ஆங்கில எழுத்துக்களில் எழுதினால் ஜே, ஏ, ஆர், டி, ஐ, என் என்று ஆறு எழுத்துக்கள். இதைப் பார்த்ததும் நாம் "ஜார்டின்" என்று படித்துவிடுவோம். ஸ்பானிஷ் மொழியில் ஜே எழுத்துக்கு ஜ ஒலி கிடையாது. தொண்டையிலிருந்து சற்று அழுத்தமாக வரும் ஹ ஒலிதான் உண்டு. ஸ்பெயினில் இந்த ஹ கொஞ்சம் கரகரப்பாக இருக்கும். கியூபா போன்ற நாடுகளில் மென்மையாக இருக்கும். அடுத்து டி எழுத்து. இதுவும் நம் ட அல்ல. "பாதை" என்று சொல்லும்போது வருகிற த. தமிழர்களுக்கு இது சிரமமே இல்லை. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள்தான் இந்த த ஒலிக்கு நாக்கைப் புரட்டிப் பழக வேண்டியிருக்கும்.

கவனிக்க வேண்டிய இடம் ஐந்தாவது எழுத்தான ஐ. அதன் தலையில் வழக்கமான புள்ளிக்குப் பதிலாக வலப்பக்கம் சாய்ந்த சிறு கோடு ஒன்று இருக்கும். ஸ்பானிஷ்காரர்கள் இதை "தில்தே" என்கிறார்கள். அழகுக்காகப் போட்ட கோடு அல்ல இது. அந்த மொழியில் உயிர் எழுத்திலோ, என் அல்லது எஸ் எழுத்திலோ முடியும் சொற்களில் கடைசிக்கு முந்தைய அசையில் அழுத்தம் விழும் என்பது பொது விதி. ஹர்தீன் என்ற சொல் என் எழுத்தில் முடிந்தாலும் அழுத்தம் கடைசி அசையில் விழுகிறது. விதியை மீறுவதால் கோடு போட்டுக் காட்டுகிறார்கள். பன்மையில் "ஹர்தீனெஸ்" என்று ஆகும்போது அழுத்தம் தானாகவே கடைசிக்கு முந்தைய அசைக்கு வந்துவிடுகிறது. எனவே பன்மையில் கோடு கிடையாது. இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் ஸ்பானிஷ் எழுத்தின் மேல் இருக்கும் கோடுகளில் பெரும்பாலானவை எதற்கு என்று விளங்கிவிடும்.

பிரெஞ்சு மொழியிலிருந்து ஸ்பானிஷுக்கு வந்த சொல் இது. அதற்கும் முன்னால் பழைய ஜெர்மானிய மொழி ஒன்றில் "வேலி போட்டு அடைத்த இடம்" என்ற பொருளில் இருந்தது. ஆங்கிலத்தில் நாம் சொல்லும் கார்டன், யார்டு இரண்டும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை.

உன், என்: இரண்டு வேடிக்கையான சொற்கள்

ஸ்பானிஷில் பெயர்ச் சொற்களுக்கெல்லாம் ஆண்பால், பெண்பால் உண்டு. தோட்டம் அங்கே ஆண்பால். அதனால் "எல் ஹர்தீன்" என்பார்கள். பன்மையில் "லோஸ் ஹர்தீனெஸ்". "ஒரு தோட்டம்" என்று சொல்ல வேண்டுமானால் "உன் ஹர்தீன்". ஆம், அங்கே "உன்" என்றால் ஒரு. நம் காதுக்கு இது "உன் தோட்டம்" என்று கேட்கும். நிஜமாகவே "உன் தோட்டம்" என்று சொல்ல "து ஹர்தீன்" என்றும், "என் தோட்டம்" என்று சொல்ல "மி ஹர்தீன்" என்றும் சொல்ல வேண்டும்.

அடுத்த வேடிக்கை "என்". ஸ்பானிஷில் "என்" என்பது நம் "இல்" உருபின் வேலையைச் செய்கிறது. "என் எல் ஹர்தீன்" என்றால் தோட்டத்தில். நாம் உருபைச் சொல்லுக்குப் பின்னால் ஒட்டுகிறோம். அவர்கள் முன்னால் தனியாக வைக்கிறார்கள். "தோட்டத்திற்கு" என்பது "அல் ஹர்தீன்". "தோட்டத்தின்" அல்லது "தோட்டத்திலிருந்து" என்பதற்கு "தெல் ஹர்தீன்". அ, தெ என்ற முன்னொட்டுகள் "எல்" என்பதோடு சேரும்போது இப்படி ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. "தோட்டம்" என்பதோடு "இல்" சேர்ந்து "தோட்டத்தில்" ஆகும் ஊரில் பிறந்த நமக்கு இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை.

இன்னொன்று. சிறிய தோட்டம் என்று நாம் பெயரடையை முன்னால் சொல்கிறோம். அவர்கள் பெரும்பாலும் பின்னால் சொல்வார்கள். "தெங்கோ உன் ஹர்தீன் பெகேஞோ" என்றால் "எனக்கு ஒரு சிறிய தோட்டம் இருக்கிறது".

தோட்டம் எப்போது தோட்டம் இல்லை?

இந்தச் சொல்லில் ஒரு பொறி இருக்கிறது. அகராதியை மட்டும் நம்பினால் அதில் மாட்டிக் கொள்வோம். என் பக்கத்து வீட்டில் நடந்ததைச் சொன்னால் எளிதாகப் புரியும்.

திருமுல்லைவாயிலில் எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரே மகள், கணவரோடு உருகுவே நாட்டின் தலைநகரான மோன்டெவிடியோவில் இருக்கிறார். நான்கு வயதுப் பேத்திக்குத் தமிழ் கொஞ்சம்தான் வரும். விளையாட்டுத் தோழிகளோடு பழகிய ஸ்பானிஷ்தான் வாயில் முதலில் வரும். பேத்தியை வீடியோவில் பார்ப்பதற்காகவே பெரியவர் கம்ப்யூட்டர் வாங்கினார். நமக்கும் அந்த ஊருக்கும் எட்டரை மணி நேர வித்தியாசம். ஞாயிற்றுக்கிழமை இங்கே இரவு 7.30 மணி என்றால் அங்கே காலை 11 மணி. அதுதான் இவர்கள் பேசும் நேரம்.

பெரியவர் வீட்டின் பக்கவாட்டில் ஒரு கிரவுண்டுக்கும் குறைவான இடம். அதில் மல்லிகை, செம்பருத்தி, ஒரு சப்போட்டா, இரண்டு தென்னை. எங்கள் பகுதியில் இப்படிப்பட்ட பக்கவாட்டு இடங்கள் வேகமாகக் குறைந்து வருகின்றன. ஒன்று ப்ளாட் கட்டுவார்கள், இல்லையென்றால் சிமென்ட் போட்டு கார் நிறுத்துவார்கள். இவர் மட்டும் விடாமல் வைத்திருந்தார். டிசம்பரில் அங்கே பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை விடும்போது பேத்தி வருவாள், அவளுக்குத் தோட்டத்தைக் காட்ட வேண்டும் என்பது அவர் கணக்கு. (பூமியின் தென் பாதியில் இருப்பதால் நமக்கு மார்கழி, அவர்களுக்குக் கோடை.)

மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிறு. பேத்தி அழுது கொண்டே ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். "நோ கியேரோ இர் அல் ஹர்தீன்." மகள் சமையலறையில் இருந்தார். பெரியவர் அந்தக் கடைசிச் சொல்லை நினைவில் வைத்துக் கொண்டு மொழிபெயர்ப்புத் தளத்தில் மைக்கை அழுத்திச் சொல்லிப் பார்த்திருக்கிறார். தோட்டம் என்று வந்தது. முழு வாக்கியத்திற்கும் "தோட்டத்திற்குப் போக எனக்கு விருப்பமில்லை" என்று வந்தது. மனிதர் உடைந்து போய்விட்டார். மகளிடமும் கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்து என்னிடம், "குழந்தைக்கே பிடிக்கலையாம் தம்பி, இனிமே யாருக்காக வச்சிருக்கறது? சிமென்ட் போட்டுடலாம்னு கொத்தனார்கிட்ட கேட்டுட்டேன்" என்றார்.

"சார், அவள் எந்த ஊரில் இருக்கிறாள்?" என்று கேட்டேன். உருகுவே என்றதும் விஷயம் விளங்கிவிட்டது. உருகுவேயிலும் அர்ஜென்டினாவிலும் சின்னக் குழந்தைகள் பேசும் ஹர்தீன் பெரும்பாலும் பூச்செடி வைத்த தோட்டம் அல்ல. "ஹர்தீன் தெ இன்ஃபான்தெஸ்" என்பதன் சுருக்கம். அதாவது நாம் எல்.கே.ஜி., யு.கே.ஜி. என்கிறோமே, அந்தப் பள்ளி. அங்கே பள்ளி ஆண்டு தொடங்குவது மார்ச் மாதத்தில். நான்கு வயதுக் குழந்தை மார்ச் மாதத்தில் "ஹர்தீனுக்குப் போக மாட்டேன்" என்று அழுதால் அதற்கு ஒரே பொருள்தான். நம் ஊரில் ஜூன் மாதத்தில் எத்தனை வீடுகளில் இந்த அழுகையைக் கேட்கிறோம்!

இதற்குப் பின்னால் ஒரு வரலாறும் இருக்கிறது. ஜெர்மனியில் ஃபுரோபெல் என்ற கல்வியாளர் 1837-இல் சிறு குழந்தைகளுக்காக ஒரு பள்ளி தொடங்கி, 1840-இல் அதற்குக் "குழந்தைகளின் தோட்டம்" என்று பொருள்படும் கிண்டர்கார்டன் என்ற பெயரைச் சூட்டினார். ஆங்கிலம் அந்த ஜெர்மன் சொல்லை அப்படியே எடுத்துக் கொண்டது. நாமும் கே.ஜி. என்று சுருக்கிச் சொல்லும்போது அந்தத் தோட்டத்தைத்தான் சொல்கிறோம், தெரியாமலே. ஸ்பானிஷ்காரர்கள் சொல்லை மொழிபெயர்த்துக் கொண்டார்கள். அதனால் அங்கே தோட்டம் வெளியே தெரிகிறது. மெக்சிகோவில் "ஹர்தீன் தெ நிஞோஸ்" என்பார்கள். அர்ஜென்டினாவில் "மாஎஸ்த்ரா ஹர்தினேரா" என்று ஒருவரைச் சொன்னால் சொல்லுக்குச் சொல் அது தோட்டக்கார டீச்சர். உண்மையில் அவர் கே.ஜி. டீச்சர்.

பெரியவருக்கு ஒரே ஒரு கேள்வியை எழுதிக் கொடுத்தேன். "கோமோ தே ஃபுவே என் எல் ஹர்தீன்?" அதாவது "ஸ்கூல் எப்படி இருந்தது?" அடுத்த ஞாயிறு அவர் அதைக் கேட்டதும் குழந்தை பத்து நிமிடம் விடாமல் பேசியிருக்கிறாள். அவருக்குப் புரிந்தது "மாஎஸ்த்ரா" என்ற ஒரு சொல்தான். மீதியை மகள் சொன்னார். மதியம் எல்லோரையும் படுக்கச் சொல்கிறார்களாம், அவளுக்குத் தூக்கம் வருவதில்லையாம். கொத்தனாரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார் பெரியவர்.

மொழிபெயர்ப்புத் தளத்தைக் குறை சொல்ல முடியாது. கூகுள் ட்ரான்ஸ்லேட் 2006-இல் தொடங்கப்பட்டது. தமிழ் அதில் 2011-இல் சேர்ந்தது. அன்றைக்கு இருந்ததைவிட இன்று எவ்வளவோ மேல். ஆனால் பேசுவது நான்கு வயதுக் குழந்தை, இருப்பது மோன்டெவிடியோ, மாதம் மார்ச் என்பதெல்லாம் ஒரு வரியை மட்டும் பார்க்கும் மென்பொருளுக்கு எப்படித் தெரியும்? அதை நாம்தான் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

படங்களை அகராதியாகப் பயன்படுத்துங்கள்

தமிழில் தோட்டம் என்ற சொல்லுக்கு எல்லை பெரிது. பூத்தோட்டம், காய்கறித் தோட்டம், தேயிலைத் தோட்டம் எல்லாம் நமக்குத் தோட்டம். ஸ்பானிஷில் ஒவ்வொன்றுக்கும் வேறு சொல். வீட்டைச் சுற்றிப் பூவும் புல்லும் வைத்திருந்தால் ஹர்தீன். கத்திரி, வெண்டை போட்டிருந்தால் "உவெர்தோ". அதுவே பெரிய பரப்பாக இருந்தால் "உவெர்தா". (இரண்டும் ஹெச் எழுத்தில் தொடங்கும். ஸ்பானிஷில் ஹெச் வாயே திறக்காது.) தேயிலை, காபி என்றால் "ப்ளாந்தாசியோன்". எல்லோரும் போய் உட்காரும் பூங்கா "பார்கே". செடி விற்கும் நர்சரி "பிபேரோ". இதை வி எழுத்தில் எழுதி ப ஒலியில் படிப்பார்கள்.

இந்த வித்தியாசங்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். தேடல் தளத்தில் சொல்லை டைப் செய்து, மேலே உள்ள பிரிவுகளில் இமேஜஸ் என்பதில் கிளிக் செய்திடவும். ஹர்தீன் என்று கொடுத்தால் புல்தரையும் ரோஜாவும் வரும். உவெர்தோ என்று கொடுத்தால் தக்காளிப் பாத்திகள் வரும். ஒரு பார்வையில் புரிந்துவிடும். எந்த மொழிச் சொல்லுக்கும் இந்த வழி பயன்படும். அகராதி ஒரு சொல்லுக்கு இன்னொரு சொல்லைத்தான் கொடுக்கும். படத் தேடல் பொருளையே கொண்டு வந்து காட்டும். இவ்வளவு நல்ல வசதியை நடிகர்களின் படம் தேட மட்டும் பலர் பயன்படுத்துவது எனக்கு வருத்தம்தான்.

நந்தவனம் என்றால் எந்தச் சொல்? பூக்களுக்கானது என்பதால் ஹர்தீன். பூந்தமல்லிக்காரர்களுக்கு இது தேவைப்படலாம். திருக்கச்சி நம்பி பூந்தமல்லியில் நந்தவனம் வைத்து, தினமும் காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாளுக்குப் பூ கொண்டு சென்றார் என்பது வைணவ மரபு. வெளிநாட்டு நண்பருக்கு இந்தக் கதையை எழுதுபவர்கள் உவெர்தோ என்று எழுதிவிட்டால், பெருமாளுக்குக் கத்திரிக்காய் போனதாக ஆகிவிடும்.

கோடு போட்ட எழுத்தை டைப் செய்வது எப்படி?

இனி நம் பத்திரிகைக்கு உரிய வேலைக்கு வருவோம். நம் கீ போர்டில் கோடு போட்ட ஐ கிடையாது. அதை வரவழைக்கப் பல வழிகள் உண்டு.

டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு மிக எளிய வழி ஆல்ட் எண்கள். வலது ஓரத்தில் உள்ள நம்பர் பேடில் நம் லாக் விளக்கு எரிகிறதா என்று பார்த்துக் கொள்ளவும். ஆல்ட் கீயை அழுத்திப் பிடித்துக் கொண்டு நம்பர் பேடில் 0237 என்று தட்டி, ஆல்ட் கீயை விட்டுவிடவும். கோடு போட்ட ஐ வந்துவிடும். இதே போல ஏ எழுத்துக்கு 0225, ஈ எழுத்துக்கு 0233, ஓ எழுத்துக்கு 0243, யு எழுத்துக்கு 0250. மேல் வரிசையில் உள்ள எண்களைத் தட்டினால் வராது. பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள்.

லேப்டாப்பில் பெரும்பாலும் நம்பர் பேட் இருக்காது. அவர்கள் கீ போர்ட் அமைப்பை மாற்றிக் கொள்வதே நல்லது. விண்டோஸ் 11-இல் ஸ்டார்ட் பட்டன் வழியே செட்டிங்ஸ் சென்று, டைம் அண்ட் லாங்குவேஜ், அதில் லாங்குவேஜ் அண்ட் ரீஜன் தேர்ந்தெடுக்கவும். இங்கிலீஷ் என்பதற்கு எதிரே உள்ள மூன்று புள்ளிகளில் கிளிக் செய்து லாங்குவேஜ் ஆப்ஷன்ஸ் பெறவும். ஆட் எ கீபோர்ட் என்பதில் கிளிக் செய்தால் நீண்ட பட்டியல் ஒன்று விரியும். அதில் யுனைடெட் ஸ்டேட்ஸ் - இன்டர்நேஷனல் என்பதைத் தேர்ந்தெடுக்கவும். பழைய கீ போர்டுக்கும் இதற்கும் மாறி மாறிச் செல்ல விண்டோஸ் கீயுடன் ஸ்பேஸ் பாரைத் தட்டினால் போதும்.

இப்போது ஒற்றை மேற்கோள் குறியைத் தட்டிவிட்டு ஐ தட்டவும். கோடு போட்ட ஐ கிடைக்கும். மேற்கோள் குறியைத் தட்டியவுடன் திரையில் எதுவும் வராது. கீ போர்ட் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். அடுத்த எழுத்துக்காகக் காத்திருக்கிறது. வெறும் மேற்கோள் குறி மட்டும் வேண்டுமானால் அதைத் தட்டிய பின் ஸ்பேஸ் தட்டவும். வலது பக்க ஆல்ட் கீயைப் பிடித்துக் கொண்டு ஐ தட்டினாலும் அதே எழுத்து வரும். எனக்கு இந்த இரண்டாவது வழிதான் பிடித்திருக்கிறது.

எம்.எஸ். வேர்ட் மட்டும் பயன்படுத்துபவர்களுக்கு இது எதுவும் வேண்டாம். கன்ட்ரோல் கீயுடன் ஒற்றை மேற்கோள் குறியைத் தட்டி, கீகளை விட்டுவிட்டு, பின் ஐ தட்டினால் ஆயிற்று. மொபைல் போனில் ஐ எழுத்தின் மீது விரலைச் சற்று நேரம் வைத்திருந்தால் அதன் உறவுக்காரர்கள் எல்லாம் மேலே வந்து நிற்பார்கள்.

ஸ்பானிஷில் கேள்வி கேட்டால் வாக்கியத்தின் தொடக்கத்திலும் ஒரு கேள்விக்குறி தலைகீழாக நிற்கும். அதற்கு ஆல்ட் 0191. இன்டர்நேஷனல் கீ போர்டில் வலது ஆல்ட் பிடித்துக் கொண்டு, கேள்விக்குறி உள்ள கீயை ஷிப்ட் இல்லாமல் தட்டவும்.

ஞ எழுத்தை விட்டுவிடாதீர்கள்

கோட்டை விட்டுவிட்டு எழுதினாலும் ஹர்தீன் என்பது புரிந்துவிடும். பிழை என்று மட்டும் தெரியும். ஆனால் ஒரு குறியை விட்டால் மானம் போய்விடும். அது என் எழுத்தின் தலையில் இருக்கும் அலைக் கோடு. இந்த எழுத்தின் ஒலி நம் ஞ தான். ஞாயிறு, ஞாபகம் என்று சொல்லும்போது வருவது. ஆங்கிலத்தில் இதற்குத் தனி எழுத்து இல்லை. நமக்கும் அவர்களுக்கும் உண்டு. "ஆஞோ" என்றால் ஆண்டு. அலைக் கோட்டை விட்டு "ஆனோ" என்று எழுதினால் அது ஆசனவாயின் பெயர். "என் பேத்திக்கு நான்கு வயது" என்று ஊருக்கெல்லாம் மெயில் அனுப்பும் தாத்தாக்கள் இதில் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். பிறந்த நாள் வாழ்த்திலும் இதே எழுத்து வருகிறது: "ஃபெலிஸ் கும்ப்ளெஆஞோஸ்". ஆல்ட் 0241 என்று தட்டவும். இன்டர்நேஷனல் கீ போர்டில் வலது ஆல்ட் பிடித்து என் தட்டவும்.

இந்த ஓர் எழுத்துக்காக ஒரு நாடே சண்டை போட்டிருக்கிறது. இந்த எழுத்து இல்லாத கீ போர்டுடன் கம்ப்யூட்டர் விற்கக் கூடாது என்று ஸ்பெயினில் விதி இருந்தது. இது வணிகத்திற்குத் தடை என்று 1991-இல் ஐரோப்பியச் சமூகம் கூறியது. எழுத்தாளர்கள் கொதித்தார்கள், கொலம்பியாவின் கார்சியா மார்க்கேஸ் வரை குரல் கொடுத்தார். 1993-இல் ஸ்பெயின் அரசு, இது எங்கள் பண்பாடு என்று சொல்லி ஆணை பிறப்பித்து அந்த எழுத்தைக் காப்பாற்றிக் கொண்டது. நம் சென்னையில் 1999-இல் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழுக்கு ஒரு பொதுக் கீ போர்ட் அமைப்பு முடிவானதை அறிந்தவர்களுக்கு இந்தச் சண்டையின் அருமை தெரியும்.

டைப் செய்ததைச் சேமித்து மீண்டும் திறந்தால் கோடு போட்ட எழுத்து இருந்த இடத்தில் இரண்டு விநோதக் குறிகள் வந்தால் அது என்கோடிங் தவறு. தமிழ் பாண்ட் இல்லாத கம்ப்யூட்டரில் நம் கடிதம் கோழி கிறுக்கியது போல வந்த காலத்தை நினைத்துக் கொள்ளுங்கள். அதே வகை நோய்தான். நோட்பேடில் சேவ் அஸ் கொடுக்கும்போது என்கோடிங் என்ற இடத்தில் யு.டி.எப்.-8 இருக்கிறதா என்று பார்க்கவும். 2019-இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பு 1903 முதல் நோட்பேட் தானாகவே இதை எடுத்துக் கொள்கிறது. பழைய பைல்களுக்குத்தான் கவனம் தேவை.

இப்போது பேசிப் பாருங்கள்

மொழிபெயர்ப்புத் தளத்தில் சொல்லை டைப் செய்தபின் கீழே ஒலிபெருக்கிப் படம் ஒன்று இருக்கும். அதில் கிளிக் செய்தால் உச்சரிப்பு கேட்கும். மீண்டும் ஒரு முறை கிளிக் செய்தால் மெதுவாகச் சொல்லும். பின்வரும் வாக்கியங்களை ஒவ்வொன்றாக டைப் செய்து, கேட்டு, கூடவே சொல்லிப் பாருங்கள். வீட்டில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

"என் மி ஹர்தீன் ஐ உன் ஹஸ்மீன்." என் தோட்டத்தில் ஒரு மல்லிகைச் செடி இருக்கிறது. "ஐ" என்றால் இருக்கிறது. ஹெச், ஏ, ஒய் என்று எழுதுவார்கள். ஹஸ்மீன் என்பது மல்லிகை. அதிலும் முதல் எழுத்து ஜே, அதிலும் கடைசி அசையில் கோடு போட்ட ஐ. ஹர்தீனை டைப் செய்யத் தெரிந்தவருக்கு ஹஸ்மீன் இலவசம். யானையின் காலை முல்லைக்கொடி பின்னிக் கொண்டதாகத் தல வரலாறு சொல்லும் திருமுல்லைவாயிலில் இருப்பவர்கள் முதலில் கற்க வேண்டிய வாக்கியம் இது.

"ரியேகோ எல் ஹர்தீன்." தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன்.

"லாஸ் ஃப்ளோரெஸ் தெல் ஹர்தீன்." தோட்டத்துப் பூக்கள்.

"கோமோ எஸ்தா து ஹர்தீன்?" உன் தோட்டம் எப்படி இருக்கிறது? இதைப் பெரியவர்களிடம் கேட்பதானால் "து" வேண்டாம். "சு ஹர்தீன்" என்று மரியாதையாகக் கேட்கவும். நம் நீ, நீங்கள் வித்தியாசம் அங்கேயும் உண்டு.

தோட்டக்காரர் "ஹர்தினேரோ", தோட்டக்கலை "ஹர்தினெரீயா". கியூபா, வெனிசுலா செய்தித் தளங்களில் ஹர்தினேரோ ஒருவர் பந்தைப் பிடித்தார் என்று படித்தால் குழம்ப வேண்டாம். பேஸ்பால் ஆட்டத்தில் எல்லைக்கு அருகே நிற்பவருக்கும் அதே பெயர்.

இன்னும் சொற்கள் வேண்டுமா? உங்கள் வீட்டுத் தோட்டத்திலேயே தேடுங்கள். சப்போட்டா மெக்சிகோவின் பழங்குடி மொழியான நாவாட்டில் இருந்து ஸ்பானிஷில் "சபோதே" ஆகி உலகம் சுற்றிய சொல். பப்பாளி அவர்களிடம் "பபாயா". கொய்யா "குவயாபா". தக்காளியை "தோமாதே" என்பார்கள். மூன்று மரமும் ஒரு தக்காளிச் செடியும் வைத்திருப்பவருக்கு நான்கு சொற்கள் ஏற்கெனவே கையில் இருக்கின்றன. இவற்றில் எதற்கும் கோடு போட்ட எழுத்து கிடையாது. இன்றைக்கே டைப் செய்து பார்க்கலாம்.